பிள்ளையின் பிடிவாதமும் பெரியோரின் நீதியும்

அறவியல் பற்றிச் சிந்திப்போர் பெரும்பாலும் பெரியவர்களைப் பற்றியே சிந்திக்கின்றனர். போரும் சொத்தும், சாதியும் கடமையும் அவர்களது ஆராய்ச்சிப் பொருள்களாகின்றன. இரண்டு வயதுப் பிள்ளையொன்று கடைத்தெருவின் நடுவே விழுந்து புரண்டு, கைகால்களை உதைத்து, மூச்சுத் திணறக் கதறுவதை எவரும் அறவியற் பிரச்சினையாகக் கொள்வதில்லை. அது தாய்மாரின் சில்லறைத் தொல்லையென ஒதுக்கப்பட்டுவிடுகின்றது. எனினும், அவ்வேளையிற் சூழ நிற்போர் உதிர்க்கும் சொற்களைச் சற்றுக் கூர்ந்து கேட்போமாயின், அவை யாவும் அறத் தீர்ப்புக்களே என்பது புலனாகும். 'சரியான பிடிவாதம்', 'குழப்படிக்காரன்', 'செல்லம் கொடுத்துக் கெடுத்துப் போட்டினம்', 'இரண்டு அடி போட்டால் எல்லாம் அடங்கும்' என்பன நாம் நாள்தோறும் கேட்பவை. குற்றச்சாட்டு, விசாரணை, தீர்ப்பு, தண்டனை ஆகிய நான்கும் ஒரு நிமிடத்துள் முடிந்துவிடுகின்றன. எந்த நீதிமன்றமும் பொறாமைப்படத்தக்க வேகம் இது!

நீதிமன்றத்தைக் குறிப்பிட்டதற்குக் காரணமுண்டு. 1883ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இந்நாட்டுக்கு வகுத்த தண்டனைச் சட்டக்கோவை, எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை செய்யும் எச்செயலும் குற்றமாகாது என்று விதித்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வயதெல்லையைப் பன்னிரண்டாக உயர்த்தியது. குற்றம் என்பது செயலில் மட்டும் தங்கியிருப்பதன்று. செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் மனமும் வேண்டும் என்ற தத்துவமே இவ்விதியின் அடிப்படையாகும். பிள்ளைகள்பாற் கனிவுகொண்டதெனப் பெயரெடுக்காத குடியேற்ற ஆட்சியின் சட்டமே ஒப்புக்கொண்ட இவ்வுண்மையை, பிள்ளையை உயிரினும் மேலாக நேசிக்கும் நம் வீடுகள் ஏன் ஒப்புக்கொள்ளத் தயங்குகின்றன என்பதே நாம் ஈண்டு எழுப்பும் வினா.

முதலில் 'பிடிவாதம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வாதம் என்பது வழக்குரைத்தல். தன் பக்கத்து நியாயம் இன்னதெனக் கண்டு, அதனைச் சொல்லில் வடித்து, எதிர்ப்பக்கத்தை மறுத்து நிற்பவனே வாதி. அவ்வாறு கொண்ட கொள்கையை இறுகப் பிடித்து நிற்பதைப் பிடிவாதம் என்கிறோம். ஆனால், இரண்டு வயதுப் பிள்ளையின் நிலை என்ன? தன் வயிற்றுள் எழும் உணர்வு பசியா, நோவா, நித்திரையா எனப் பிரித்தறிய அதற்கு இயலாது. அறிந்தாலும் சொல்லச் சொற்கள் போதா. வாதமே செய்ய முடியாத ஓருயிரைப் பிடிவாதம் செய்வதாகக் குற்றஞ்சாட்டுகிறோம். நிறுவ வேண்டிய ஒன்றைச் சொல்லுக்குள் ஒளித்துவைத்து, பின்னர் அச்சொல்லையே சான்றாகக் காட்டும் தருக்கப் பிழை இது. வகுப்பறையில் மாணவன் இதனைச் செய்தால் நாம் புள்ளி குறைப்போம்.

அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புளோரன்ஸ் குடினஃப் என்னும் உளவியலறிஞர், சிறுபிள்ளைகளின் கோபம் பற்றி 1931இல் ஒரு நூலை வெளியிட்டார். நாற்பத்தைந்து பிள்ளைகளின் தாய்மாரைக் கொண்டு, ஒவ்வொரு கோபவெடிப்பும் எப்போது எழுந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எதனால் விளைந்தது என நாட்குறிப்பாக எழுதுவித்து, அவற்றை ஆராய்ந்ததன் பேறு அந்நூல். இத்தகைய வெடிப்புக்கள் வாழ்வின் இரண்டாம் ஆண்டில் உச்சமடைந்து, பின்னர் தணியத் தொடங்குகின்றன என்பதை அவர் கண்டார். அதனினும் முக்கியமான செய்தி வேறொன்றுண்டு. உணவு வேளைக்குச் சற்று முன்னரும், உடல்நலங் குன்றிய நாள்களிலும் அவை மிகுந்திருந்தன. அதாவது, பிள்ளையின் 'குணக்கேடு' மணிக்கூட்டை அனுசரித்து வந்தது! காலை பத்து மணிக்கு நற்குணமுடையதாயிருந்த பிள்ளை, சோறு பிந்தியபோது தீக்குணமுடையதாயிற்று எனக் கொள்வது அறிவுக்குப் பொருந்துமா? ஒழுக்கத்தின் வேர்களைப் பௌதிக நிலைமைகளில் தேட வேண்டும் என்று பெரியவர்களின் உலகைப் பற்றி வாய் ஓயாது பேசும் நம்மவர், வீட்டு வாசலைத் தாண்டியதும் அதனை மறந்துவிடுகின்றனர்.

பசியும் நித்திரையும் எவருக்கும் விளங்குவன. விளங்காத ஒன்றும் உண்டு. அதுவே புலன்களின் சங்கதி.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை வகுக்குமிடத்து உற்றறிதலை, அதாவது தொடுவுணர்வை, முதலாவதாக வைத்தார். மனத்தை ஆறாவதாக, இறுதியில் வைத்தார். மனிதக் கருவில் தொடுவுணர்வே எல்லாப் புலன்களுக்கும் முந்தித் தோன்றுகின்றது என்பது இன்றைய அறிவியலின் முடிபு. (இதைக்கொண்டு, முன்னோர் யாவும் அறிந்திருந்தனர் என்று மார்தட்டுவது நம் நோக்கமன்று, வகுப்புமுறை ஒன்றின் அழகை மட்டுமே சுட்டுகிறோம்.) ஐம்புலனோடு அறிவு நின்றுவிடவுமில்லை. உட்செவியிலிருந்து எழும் சமநிலையுணர்வும், தசைகளும் மூட்டுக்களும் உடலின் இருப்பையும் அசைவையும் மூளைக்கு அறிவிக்கும் உணர்வும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டும் நம் விரலால் நம் மூக்கைத் தொட முடிவது இவ்வுணர்வினாலேயே. ஜீன் அயேர்ஸ் என்ற அமெரிக்க அம்மையார் 1972இல் வெளியிட்ட நூலொன்றில், இப்புலன்கள் அனைத்திலிருந்தும் வரும் செய்திகளை மூளை ஒன்றிணைத்து ஒழுங்குசெய்வது ஒரு வளர்ச்சி என்றும், அவ்வளர்ச்சி எல்லாப் பிள்ளைகளிடத்தும் ஒரே சீராக நிகழ்வதில்லை என்றும் வாதித்தார். அவருடைய விளக்கங்கள் அனைத்தும் நிறுவப்பட்டனவல்ல. அவர் வகுத்த சிகிச்சைமுறையின் பயன் குறித்து விவாதம் இன்றும் தொடர்கின்றது. ஆயினும், அவர் சுட்டிய பிள்ளைகள் கற்பனைப் பிள்ளைகளல்லர். நம் ஊர்களிலும் அவர்கள் இருக்கின்றனர்.

தேங்காய்ச் சம்பல் அரைக்கும் மின்னரைவையின் ஒலி கேட்டதும் காதைப் பொத்தி அலறும் பிள்ளை. புதுச்சட்டையின் கழுத்திலுள்ள சிறு துணித்துண்டு உராய்ந்ததும் சட்டையைக் கிழிப்பது போல இழுக்கும் பிள்ளை. வெறுங்காலில் மணலில் விட்டால் குதிக்காலை ஊன்றாது நுனிவிரலில் நிற்கும் பிள்ளை. குழைசாதத்தில் ஒரு பருக்கை முழுதாக அகப்பட்டால் ஓங்கரிக்கும் பிள்ளை. இதற்கு நேர்மாறாக, ஓயாது சுழன்றும், சுவரில் மோதியும், கண்டதையெல்லாம் கடித்தும், எவ்வளவு ஆட்டினாலும் ஊஞ்சலை விட்டிறங்க மறுத்தும் புலனுணர்வைத் தேடியலையும் பிள்ளையும் உண்டு. முன்னையதற்கு உலகம் மிகையாக வந்து மோதுகின்றது. பின்னையதற்கு உலகம் போதியளவு எட்டவில்லை. இரண்டும் ஒரே பிள்ளையிடத்துக் காணப்படுவதும் உண்டு.

கோயிற்றிருவிழாவொன்றை நினைத்துப் பார்ப்போம். நான்கு கூட்டம் மேளம். தவில்கள் ஒன்றையொன்று விஞ்சி முழங்குகின்றன. ஒலிபெருக்கி வேறு பாட்டுப் பாடுகின்றது. கற்பூரப் புகை, வியர்வை, சனநெருக்கம், வாணவெடி. பட்டுச்சட்டை அணிவித்து, சந்தனம் பூசி, தகப்பனின் தோளில் இருத்திய பிள்ளை முதலில் வெறித்துப் பார்க்கின்றது. பின் முகத்தைத் தோளிற் புதைக்கின்றது. பின் வீரிட்டு அலறுகின்றது. மிட்டாய் நீட்டப்படுகின்றது; பிள்ளை அதைத் தட்டிவிடுகின்றது. ஊதுகுழல் வாங்கிக் கொடுக்கப்படுகின்றது, அதுவும் எறியப்படுகின்றது. 'என்ன கொடுத்தாலும் அடங்காத பிள்ளை' என்ற பெயர் அன்றே ஊரில் நிலைத்துவிடுகின்றது. கண்ணூறு கழிப்பதும், நூல் கட்டுவதும், பார்வை பார்ப்பதும் அடுத்த கிழமை நடைபெறும். ஆனால், கேட்டதைக் கொடுத்தும் அடங்காமையே ஒரு தடயமன்றோ? பொருளொன்றைப் பெறுவதற்காக அழும் பிள்ளை அப்பொருளைப் பெற்றதும் பெரும்பாலும் ஓயும். பார்ப்பவர் இல்லாதபோது குரலைத் தாழ்த்தும். புலன்கள் தாங்காது அழும் பிள்ளையோ எதையும் கேட்கவில்லை. அதற்கு வேண்டியது வீதியின் மறுகரையிலுள்ள வேப்பமரத்து நிழலும், இறுக அணைத்த இரு கரங்களும், கால்மணி நேர அமைதியுமே. இவ்விருவகை அழுகையையும் எப்போதும் தெளிவாகப் பிரித்துவிடலாம் என நாம் கூறவில்லை. ஒன்றாகத் தொடங்கியது மற்றொன்றாக முடிவதுமுண்டு. பிரித்தறிய முயலாமலே தண்டிப்பதைத்தான் கண்டிக்கிறோம்.

மேலைத்தேயச் சிந்தனையாளர் இப்பொருளில் இரு துருவங்களாக நின்றனர். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கிய அகுஸ்தினார், கைக்குழந்தையின் அழுகையிலும் பாவத்தைக் கண்டார். குழந்தை தீமை செய்யாதிருப்பதற்கு அதன் உறுப்புக்களின் பலவீனமே காரணமன்றி மனத்தின் தூய்மையன்று என்பது அவர் கருத்து. 1762இல் ரூசோ இதனை மறுத்து, இயற்கையின் கையிலிருந்து வரும்போது மனிதன் நல்லவனே என்றார். (தமக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளையும் அநாதைச் சாலையில் விட்டவர் அவர் என்பதையும் நாம் மறப்பதற்கில்லை.) பிள்ளை இயல்பாகவே தீயதா, நல்லதா என்ற இவ்விவாதத்தில் இருசாராரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர்: இருவரும் பிள்ளைமேல் ஒரு குணத்தை ஏற்றிவைக்கின்றனர். நாமோ, நன்மை தீமை என்ற அளவுகோல் அவ்வயதுக்கே பொருந்தாதது என்கிறோம். உணர்ச்சியைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் மூளையின் முன்பகுதியில் மெல்ல மெல்ல உருவாகின்றது. இருபது வயதைக் கடந்தும் அவ்வளர்ச்சி நிறைவுறுவதில்லை. இயலாததைச் செய்யாமை குற்றமாகாது என்பது அறவியலின் பழைய விதி. காலில்லாதவன் ஓடவில்லை என்று எவரும் கடிந்துகொள்வதில்லை.

'அப்படியாயின் பிள்ளை கேட்பதையெல்லாம் கொடுத்து, செய்வதையெல்லாம் பொறுத்திருப்பதா?' என்று நண்பர்கள் வினவுவர். நியாயமான வினா. அடுப்பை நோக்கிச் செல்லும் கையைத் தடுத்தே ஆகவேண்டும். மற்றப் பிள்ளையைக் கடிக்கும் பிள்ளையை விலக்கியே ஆகவேண்டும். அழுகைக்குப் பயந்து, மறுத்த இனிப்பை மீண்டும் கொடுப்பது பிள்ளைக்கு உதவி செய்வதாகாது. அழுகையே வழி என்று கற்பிப்பதாகும். எனவே எல்லைகள் வேண்டும். அவை நாளுக்கொன்றாய் மாறாதிருக்கவும் வேண்டும். ஆயினும், எல்லை வகுத்தல் வேறு, தண்டித்தல் வேறு. கிணற்றுக்குக் கட்டுக் கட்டுபவன் கிணற்றடியில் விளையாடும் பிள்ளைமேல் கோபங்கொள்வதில்லை. 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியை மேற்கோள் காட்டுவோர், தாம் வளர்க்க விரும்புவது மாட்டையா மனிதனையா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். புலன்களின் மோதலால் ஏற்கெனவே நிலைகுலைந்த பிள்ளைமீது இன்னுமோர் அடி விழுமாயின், அது மற்றொரு புலன்மோதலாகவே அமையும். பிள்ளை அடங்குவதுண்டு. அச்சத்தால் உறைந்ததை நாம் ஒழுக்கம் எனப் பெயரிட்டு மகிழ்கிறோம்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தடைசெய்யும் சுற்றறிக்கை 2005இல் வெளிவந்தது. மாணவனொருவன் அறையப்பட்டுச் செவிப்புலன் பாதிப்புற்ற வழக்கில், அச்செயல் அடிப்படை உரிமை மீறலென 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்விரண்டுக்கும் பின்னரும் ஆசிரியர் அறைகளிற் பிரம்புக்காக வாதாடும் குரல்கள் ஓயவில்லை. அவ்வாறு வாதாடுவோரிற் சிலர் மேடைகளில் மனித விடுதலை பற்றி உருக்கமாக உரையாற்றுபவர்கள்.

பிள்ளைக்கு அடுத்த குற்றவாளி தாய். ஒரு காலத்தில் அறிவியலும் இவ்வநீதிக்குத் துணைபோயிற்று. 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர், இன்று ஓட்டிசம் என வழங்கும் நிலையைப் பதினொரு பிள்ளைகளிடத்து விவரித்து எழுதினார். அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு, இந்நிலைக்குத் தாயின் அன்பின்மையே காரணம் என்ற கொள்கை ஆட்சி செலுத்தியது. தாய்மாரைக் 'குளிர்சாதனப் பெட்டி' எனப் படித்தவர்களே அழைத்தனர். நாஜிகளின் வதைமுகாமில் அடைபட்டு மீண்ட புரூனோ பெற்றல்ஹைம், 1967இல் எழுதிய நூலில் இப்பிள்ளைகளின் நிலையை முகாமிற் கைதிகளின் நிலையோடு ஒப்பிட்டார். அவ்வொப்புமையில் காவலாளியின் இடம் யாருக்குரியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, அத்தகைய பிள்ளையொன்றின் தந்தையாகிய பேர்னாட் றிம்லண்ட், இது நரம்பு மண்டலத்தைச் சார்ந்த நிலை எனச் சான்றுகளுடன் நூலெழுதியிருந்தார். அக்கொள்கை வீழ்ந்தது, ஆனால், அதற்கிடையில் எத்தனை தாய்மார் தம்மைத் தாமே வெறுத்து வாழ்ந்தனரோ! நம் ஊர்களில் அதே கொள்கை வேறு சொற்களில் வாழ்கின்றது. 'வளர்த்த வளர்ப்பு' என்ற இரு சொற்கள் போதும். தகப்பனின் வளர்ப்பு என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை.

நம் இலக்கியம் பிள்ளையை நோக்கிய முறை இதனினும் வேறானது. பாண்டியன் அறிவுடை நம்பி புறநானூற்றுப் பாட்டொன்றில், குறுநடை நடந்து வந்து, கலத்திற் கையிட்டு, நெய்ச்சோற்றைத் துழாவி, தன் உடலெங்கும் பூசிக்கொள்ளும் பிள்ளையைப் பாடினான். தொட்டும் கவ்வியும் சிதறியும் புலன்களால் உலகைக் கற்கும் பிள்ளை அது. பாடலில் ஒரு கடுஞ்சொல் இல்லை. பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவம் இன்னும் வியக்கத்தக்கது. வானத்து நிலவு வேண்டும் என்பதைவிட நிறைவேற்ற முடியாத அடம் வேறில்லை. அங்கே புலவன் என்ன செய்கிறான்? சாம பேத தான தண்டம் என்னும் நால்வகை உபாயங்களையும் கையாளுகிறான். ஆனால், பிள்ளைமீதல்ல, நிலவின்மீது! புகழ்ந்தும் இகழ்ந்தும் ஆசை காட்டியும் அச்சுறுத்தியும் நிலவையே விளையாட வருமாறு அழைக்கிறான். பிள்ளையின் விருப்பம் குற்றமாகக் கொள்ளப்படவில்லை. உலகந்தான் பிள்ளைக்கு இணங்குமாறு கேட்கப்படுகின்றது.

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். அறிவுடை நம்பி அரசன். நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளையை ரசிப்பதற்கு வீட்டில் நெய் இருக்க வேண்டும். சிந்திய சோற்றுக்கு ஈடாக வேறு சோறும் இருக்க வேண்டும். பிள்ளைத்தமிழ்கள் தெய்வங்களுக்கும் அரசர்க்கும் புரவலர்க்கும் பெரியோர்க்கும் பாடப்பட்டனவேயன்றி, கூலிக்காரியின் பிள்ளைக்குப் பாடப்பட்டனவல்ல. பொறுமை ஓர் அருங்குணமென நீதிநூல்கள் பேசுகின்றன. அதற்கு விலையுண்டு என்பதை அவை பேசுவதில்லை. நித்திரை, நேரம், இடம், உதவிக்கு இன்னொரு கை ஆகியவையே அவ்விலை.

மலையகத்து லயன் காம்பிராவொன்றை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதற்குள்ளேயே அடுப்புப் புகை, வானொலி, மூத்த பிள்ளைகளின் படிப்பு, முதியவரின் இருமல்; மெல்லிய சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பத்தின் சண்டை. ஒலியும் மணமும் நெருக்கமும் தாங்காத பிள்ளைக்கு ஒதுங்க அங்கு மூலையேது? தாய் விடியமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பிராவில் ஆயம்மாவிடம் ஒப்படைத்து மலைக்குச் செல்கிறாள். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். மாலையில் அவள் திரும்பும்போது பிள்ளைக்கும் பசி, அவளுக்கும் பசி. குடினஃப் அம்மையார் குறித்துவைத்த அதே வேளை! அவ்வேளையில் அவள் கை ஓங்குமாயின், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ நாற்காலியில் அமர்ந்து அவளுக்குப் பொறுமையைப் போதிக்க நமக்கு உரிமையில்லை. அவ்வடி பிள்ளைக்கு நன்மை செய்யும் என்பதன்று நம் கருத்து. அதன் பொறுப்பு அவளோடு முடிந்துவிடுவதில்லை.

அரசின் அறவுணர்வுக்கும் ஓர் எடுத்துக்காட்டுண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் வீட்டுப் பணிப்பெண்களாக வெளிநாடு செல்வதைத் தடுக்கும் ஏற்பாடு 2013இல் நடைமுறைக்கு வந்தது. தாயின் அண்மை பிள்ளைக்கு இன்றியமையாதது என்பது கூறப்பட்ட நியாயம். தந்தையரிடம் இக்கேள்வி கேட்கப்படவில்லை. வெளிநாடு செல்லாமலே அத்தாய் பிள்ளையை வளர்க்கத்தக்க ஊதியம் எதுவும் ஏற்பாடு செய்யப்படவுமில்லை. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. பிள்ளைகளின் தேவை ஒன்பதாண்டுகளில் மாறிவிடவில்லை; திறைசேரியின் தேவைதான் மாறிற்று.

மறுபுறத்தில், வசதிபடைத்தோரிடையே இப்பிரச்சினை புதிய வணிகமாக உருவெடுக்கின்றது. விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள்கள், கட்டணச் சிகிச்சைகள், அடம் பிடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோய்ப்பெயர். புலனொழுங்குக் குறைபாடு என்பதைத் தனியொரு நோயாகக் குறித்துவிட வேண்டாமென அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் தன் உறுப்பினரை அறிவுறுத்தியது. 2013இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவ வகைப்பாடு, புலன்களின் மிகையுணர்வையும் குறையுணர்வையும் ஓட்டிசத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. எனினும், இவ்வுணர்வுடைய பிள்ளைகள் யாவரும் ஓட்டிசமுடையோர் ஆகார். குற்றவாளி என்ற முத்திரையை அகற்றி நோயாளி என்ற முத்திரையை அவசரமாகக் குத்துவதால் பிள்ளைக்கு ஆவது ஒன்றுமில்லை. அதேவேளை, இரண்டு வயதாகியும் சொற்கள் கூடாத பிள்ளை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளை, நாள்தோறும் நெடுநேரம் தேற்ற முடியாது கதறும் பிள்ளை ஆகியோரை 'வளர வளரச் சரிவரும்' என்று விட்டுவிடுவதும் அநீதியே. முதலிற் செவிப்புலனைச் சோதித்தல் வேண்டும். பின்னர் வளர்ச்சியை ஆராய்தல் வேண்டும்.

இதற்கான ஏடு நம் நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. பிறந்தவுடன் வழங்கப்படும் சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக்கோடுகள் மட்டுமல்ல, பிள்ளை எவ்வயதில் என்ன செய்யவேண்டும் என்ற அட்டவணையும் அச்சிடப்பட்டிருக்கின்றது. கிளினிக்கில் நிறை மட்டும் குறிக்கப்பட்டு அட்டவணைப் பக்கம் வெறுமையாய்க் கிடக்கும் ஏடுகளை, முதலாம் வகுப்பு அனுமதிக்காகக் கொண்டுவரப்படும்போது நாம் பார்க்கிறோம். கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தரைக் குறைகூறிப் பயனில்லை. அவரது பொறுப்பிலுள்ள வீடுகள் அத்தனை. குறை கண்டுபிடிக்கப்பட்டாலும், சிகிச்சையாளரைத் தேடி நகரத்து ஆஸ்பத்திரிக்குச் செல்லும் நாளில் தோட்டத் தாய்க்குப் பேர் விழுவதில்லை. பஸ் கட்டணம் வேறு.

பிள்ளைக் காம்பிராவில் ஓர் ஊஞ்சல் கட்டுவதற்குக் கயிறும் பலகையும் போதும். மணற்குவியல் ஒன்றும், வாளியில் தண்ணீரும், சத்தம் தாங்காத பிள்ளை சற்றே படுத்திருக்கத் துணியால் மறைத்த மூலையொன்றும் பெருஞ்செலவல்ல. அவற்றோடு பிள்ளைகளைக் கவனிக்க இன்னும் ஓராள் வேண்டும். அவருக்குப் பயிற்சியும் சம்பளமும் வேண்டும். கிளினிக் செல்லும் நாளுக்குத் தாய்க்கு முழுப்பேர் வேண்டும். தோட்டத் தொழிற்சங்கங்களின் சம்பளக் கோரிக்கைகளோடு இந்த இரண்டு வரிகளையும் சேர்த்து எழுதும் வேலையை, எழுதப் படிக்கத் தெரிந்த ஆசிரியர்களாகிய நாம் இந்த ஆண்டே தொடங்கலாம்.